வாசல் மணி அடித்த காலம்



சென்ற இதழில் குழந்தைகளின் சளி, இருமலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் சும்மா இருக்க விடவில்லை. கரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருந்தார். கைக்குழந்தைக்கு ராத்திரி ஜுரம் வந்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாராம். மணி ஒன்பதரை. எடுக்கவில்லை. மறுநாள் கேட்டதற்கு, "எட்டு மணிக்கு மேல் நான் போன் எடுப்பதில்லை, அவசரமானால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். ‘என் மாமனார் காலத்தில் டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவாராம். இப்போதிருக்கும் டாக்டர்களுக்கு மனசு என்பதே கிடையாதா அக்கா?’ என்று முடித்திருந்தார்.

இதற்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒரு பதிலுக்கு வயசு 81, இன்னொன்றுக்கு 27. இரண்டும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டதை 2025 பொங்கல் சமயத்தில் நான் கண்ணால் பார்த்தேன். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

முதல் பதில் என் மாமனார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி 1959-ல் தொடங்கியது. ஆரம்ப காலத்து மாணவர்களில் தானும் ஒருவன் என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை. 1969-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கிளினிக் ஆரம்பித்தார். வீட்டின் முன்கட்டு கிளினிக், பின்கட்டு குடித்தனம். வாசல் தூணில் ஒரு பித்தளை மணி தொங்கும். ராத்திரி எத்தனை மணிக்கு யார் வந்து கயிற்றை இழுத்தாலும் கதவு திறக்கும். ஃபீஸ் ஆரம்பத்தில் இரண்டு ரூபாயாம். அதுவும் இல்லாதவர்கள் அறுப்பு முடிந்து ஒரு மரக்கால் நெல்லோ, ஒரு பறங்கிக்காயோ கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்களாம். நான் 2000-ல் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதுகூட மாசத்துக்கு நாலைந்து முறையாவது ராத்திரியில் அந்த மணி அடிக்கும். கொரோனா வந்த 2020-ல்தான் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கெஞ்சி கிளினிக்கை மூட வைத்தோம். மணியைக் கழற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

இரண்டாவது பதில் என் நாத்தனார் மகள். எம்.பி.பி.எஸ். முடித்து, சென்னையில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவம் மேல்படிப்பு படிக்கிறாள். பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனவர். அவள் டாக்டரான பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

அவள் பொங்கலுக்கு மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். வந்ததும் குளித்தாள், இரண்டு இட்லி சாப்பிட்டாள், படுத்தாள். பதினாலு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மாமனார் நாலு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, டாக்டர் பொண்ணு இப்படித் தூங்குது? உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.

மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி பதினோரு மணி இருக்கும். வாசல் மணி அடித்தது. நாலைந்து வருஷமாக அடிக்காத மணி. மேலத்தெருவில் மாமனாரிடம் மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பம். மருமகள் கையில் ஒன்றரை வயசுப் பிள்ளை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மாமனாருக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வந்ததோ, மூக்குக் கண்ணாடியைத் தேடியபடியே, "கொண்டாம்மா, கொண்டா" என்று விளக்கைப் போட்டார். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது, கையில் நடுக்கமும் இருக்கிறது. நான் ஓடிப்போய்ப் பெண்ணை எழுப்பினேன்.

அவள் வந்து என்ன செய்தாள் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினாள். குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ணணுமாம். இரண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை நிமிஷத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயசு வரை 40, அதுவோ அதற்கு மேலோ போனால் வேகமான மூச்சு. இந்தக் குழந்தைக்கு 58 இருந்தது. அதோடு மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழி விழுந்தது. "இது வெறும் சளி இல்ல. உடனே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். ஆக்சிஜன் தேவைப்படலாம்" என்றவள் 108-க்குப் போன் போட்டாள், ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி அந்தப் பெண் கையில் கொடுத்தாள். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்தப் பெண்ணோ நின்ற இடத்திலேயே நிற்கிறாள். "ஒரு ஊசி போட்டுட்டா காலையில போயிடுறோம் டாக்டரய்யா" என்று மாமனாரைப் பார்த்து அழுகிறாள். ராத்திரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குப் பயம். புருஷன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். கூட வந்ததோ வயசான மாமியார்.

"ஊசி போட்டா காலை வரைக்கும் தாங்காதுங்க. வண்டி வந்துடும், ஏறிப் போங்க" என்றாள் எங்கள் பெண். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது. அந்த நேரத்தில் மாமனார் என்ன செய்தார் தெரியுமா? வேட்டியை இறுக்கிக் கட்டினார், சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார், ஆம்புலன்ஸ் வந்ததும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். "வாம்மா, நானும் வரேன். பயப்படாதே." எண்பத்தொரு வயசு! என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஓடினார்.

விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் திரும்பினார்கள். நிமோனியாவாம். குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். (ஆறு நாளில் நல்லபடியாக வீட்டுக்கு வந்தது. இப்போது எங்கள் திண்ணையில்தான் விளையாடுகிறது.)

காபி குடிக்கும்போது ஆரம்பித்தது சண்டை.

"நோயாளி வாசல்ல நிக்கும்போது நீ போய்ப் படுத்துக்கிட்டே. இதுதான் உங்க காலேஜுல சொல்லிக் குடுக்கிறாங்களா?"

"தாத்தா, நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கூடப் போய் நான் என்ன பண்ணப்போறேன்? அங்க டியூட்டி டாக்டர் இருக்காங்க."

"கூடப் போறதும் வைத்தியம்தாம்மா."

"நீங்க இருந்திருந்தா ஊசி போட்டு அனுப்பியிருப்பீங்க தாத்தா."

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா, போட்டிருப்பேன்" என்றார். "எங்க காலத்துல அனுப்பறதுக்கு ஆம்புலன்ஸ் ஏது? நானேதான் ஆஸ்பத்திரி." அது உண்மைதான். தமிழ்நாட்டில் 108 வந்ததே 2008-ல். அதற்கு முன்னால் மழைக்காலத்து ராத்திரியில் எங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்கு வண்டி பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும்.

பிறகு அவர் தன் தெய்வங்களை எல்லாம் ஒவ்வொருவராக இறக்கினார். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி வாசலில் சிலையாக நிற்கிற டாக்டர் ரங்காச்சாரி. தூரத்து ஊர் நோயாளிகளைப் பார்ப்பதற்காகச் சொந்த விமானத்தில் பறந்துபோன மனிதர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் ஆரம்பித்த கான்சர் இன்ஸ்டிடியூட்டில் மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா. 2021-ல் கண்ணை மூடும் வரைக்கும் அந்த வளாகத்திலேயே வாழ்ந்தவர். "இவங்க யாராவது கடிகாரம் பார்த்து வைத்தியம் பண்ணினாங்களா?"

"ரங்காச்சாரி 1934-ல ஐம்பது சொச்சம் வயசுலயே போயிட்டார் தாத்தா. சாந்தா அம்மா கல்யாணமே பண்ணிக்கலை. அவங்களைக் கும்பிடறேன். ஆனா எல்லாரும் அப்படி இருக்கணும்னா எப்படி?" என்றாள் அவள். பிறகு தன் டியூட்டிக் கதையைச் சொன்னாள். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு வெளியே வருவாளாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 36 மணி நேரம். ஒரு தடவை தையல் போட்டுக்கொண்டே கண் சொருகிவிட்டதாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா தோளைத் தட்டினாராம். "அன்னிக்கு அந்த அக்கா இல்லைன்னா? அந்தக் கையாலதான் உங்க மருமகளுக்குப் பிரசவம் பார்க்கணும்னு சொல்வீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்னப் பெண் கடைசியாக எப்போது தூங்கினாள் என்று நாம் யாராவது யோசிக்கிறோமா?

1984-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காய்ச்சல் என்று சேர்த்த 18 வயசுப் பெண் சில மணி நேரத்திலேயே இறந்துபோனாளாம். பார்த்துக்கொண்டவர்கள் விடாமல் வேலை பார்த்துக் களைத்துப் போயிருந்த பயிற்சி டாக்டர்கள். அவள் தகப்பனார் விடாமல் போராடியதில்தான், பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்தில் 80 மணி நேரத்துக்கு மேல், ஒரேயடியாக 24 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் 1989-ல் விதி வந்தது. 2003-ல் அமெரிக்கா முழுக்க 80 மணி என்றாயிற்று. நம் நாட்டில் மட்டும் என்ன, 1992-லேயே மத்திய அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டிருக்கிறதாம்: சாதாரணமாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48. "அது காகிதத்துல இருக்கு அத்தை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராத்திரி டியூட்டியில் களைத்துப்போய் ஓய்வெடுத்த பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமையை நீங்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். அதே வருஷம் நவம்பரில் சென்னை கிண்டியில் கான்சர் டாக்டர் ஒருவரை, அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட அம்மாளின் மகனே கத்தியால் குத்தினான். மேலத்தெருவில் மூன்று தலைமுறையின் பேரையும் தெரிந்துவைத்திருந்த டாக்டரை யார் குத்தப்போகிறார்கள்? ஆனால் ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்கிற பெண்ணுக்கு யார் பேர் தெரியும்?

மாமனார் விடுவாரா? "1995-ல சுப்ரீம் கோர்ட்டு எங்களையும் நுகர்வோர் சட்டத்துல சேர்த்துது. அன்னையிலிருந்து டாக்டர் கடைக்காரன் ஆனான், நோயாளி வாடிக்கைக்காரன் ஆனான். அதான் நீங்க எல்லாம் மணி பார்க்கறீங்க, பேப்பர் பார்க்கறீங்க, மூஞ்சியைப் பார்க்கிறதில்லை" என்றார். இதில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்கும் பட்டது. போன வருஷம் தலைவலி என்று நான் போன ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட கம்ப்யூட்டரைப் பார்த்த நேரம்தான் அதிகம். நாலு டெஸ்ட் எழுதினார். கடைசியில் கண்ணாடி பவர் மாறியிருந்தது.

இவ்வளவு நேரமும் என் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். கட்டின புருஷனையே வெளியார் முன்னால் ‘டாக்டர்’ என்றுதான் குறிப்பிடுவார். அன்றைக்குக் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மணி அடிச்சா டாக்டர் எந்திரிப்பாருன்னு எல்லாரும் சொல்றீங்க. அதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சிருப்பேன்" என்றார்.

கூடம் அமைதியாகிவிட்டது.

சகோதரிகளே, 25 வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அன்றுதான் எனக்கும் முழுசாகத் தெரிந்தது. ராத்திரி மணி அடித்தால் முதலில் எழுந்து கதவைத் திறப்பவர் மாமியார். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கண்ணாடி ஊசிக் குழாயையும் ஊசிகளையும் ஸ்டெரிலைசர் பெட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பவரும் அவரே. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் ஊசி அப்போது ஏது? கம்பவுண்டர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு மிக்ஸர் கலக்கி, அளவு தெரிகிற மாதிரி காகிதத்தை வெட்டிச் சீசாவில் ஒட்டித் தருவது மாமியார். கூட வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, பிரசவம் என்றால் தவலை தவலையாக வெந்நீர் வைத்து, விடிந்ததும் ரத்தத் துணிகளை அலசிப் போட்டு, அதற்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. போர்டில் பேரும் கிடையாது.

மூன்றாவது குழந்தை பிறந்தபோது மாமியாருக்குத் தாயார் இல்லை. அதனால் பிரசவம் இந்த வீட்டில்தான். வலி எடுத்த ராத்திரி மாமனார் ஆற்றுக்கு அக்கரையில் வேறொரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். ஊர் மருத்துவச்சிதான் வந்து பார்த்தாள். அவர் விடிந்து வந்தார், குழந்தையைப் பார்த்தார், குளித்தார், எட்டு மணிக்குக் கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டார். "ஒன்பதாம் நாளே குடம் தூக்க ஆரம்பிச்சுட்டேன். வெந்நீர் இல்லாம கிளினிக் எப்படி நடக்கும்?" என்றார் மாமியார். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பேத்தி எழுந்துபோய்ப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதைத்தான் நானும் சொல்றேன் தாத்தா. உங்களுக்குப் பாட்டி இருந்தாங்க. எனக்கு யாரு இருக்கா? நாளைக்கு எனக்கும் ஒரு குழந்தை பிறந்தா, ராத்திரி மணி அடிச்சா, வெந்நீர் வைக்கறதும் நான், ஊசி போடறதும் நான், பால் குடுக்கறதும் நான்தானே?"

மாமனார் படித்த காலத்தில் வகுப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தார்களாம். இவள் வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்கள். டாக்டர்கள் மாறிவிட்டார்கள் என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, அந்த டாக்டரம்மாவும் நம்மைப் போல் குக்கர் வைத்துவிட்டு வந்தவள்தான் என்பது நமக்கே மறந்துபோகிறது. கரூர்ச் சகோதரியின் டாக்டரம்மாவுக்கும் எட்டு மணிக்கு மேல் ஒரு வீடு இருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம், படுத்த படுக்கையாக மாமியார் இருக்கலாம். அதற்காக அந்தத் தாயின் பயம் பொய்யாகிவிடாது. ராத்திரி ஒன்பதரைக்குக் குழந்தை கொதித்தால் யாரிடம் போவது என்பதை அந்த டாக்டரம்மா முன்கூட்டியே, தன் சீட்டிலேயே எழுதித் தந்திருக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். அந்த ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவர் எழுதித் தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று மத்தியானம் இன்னொன்று நடந்தது. மாமியாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "எழுது, நாலு பொம்பளைங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றார்.

பேத்தி தூக்கம் எல்லாம் தெளிந்து, பாட்டிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, "பாட்டி, நீங்க ஏன் உட்கார்ந்து எந்திரிக்கும்போது அப்படிப் பிடிச்சுக்கறீங்க?" என்று கேட்டாள். மாமியார் ஒன்றுமில்லை என்றார். இவள் விடவில்லை. அரை மணி நேரம் மெதுவாகக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. கீழே ஏதோ இறங்கி வருகிற மாதிரி இருக்கிறதாம். சாயந்தரமானால் கனமாக இழுக்கிறதாம். இருமினால் சிறுநீர் சொட்டுகிறதாம். எத்தனை வருஷமாக? பதினெட்டு வருஷமாக!

கர்ப்பப்பை இறக்கம். எண்ணற்ற பெண்கள் வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிற தொல்லை. பல பிரசவங்கள், பிரசவமான உடனே பளு தூக்குவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் எல்லாம் காரணமாகலாம். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு பதினெட்டு வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஏன் அத்தை என்று நான் கேட்டபோது, "அவர் எப்பவும் நோயாளிங்களுக்கு நடுவுலயே இருப்பார். நான் எப்ப போய் வரிசையில நிக்கிறது?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமனாருக்குச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆனால் பழக்கம் போகுமா? உடனே, "எடுத்துட வேண்டியதுதான். கும்பகோணத்துல எனக்குத் தெரிஞ்ச சர்ஜன் இருக்கார், திங்கட்கிழமையே சேர்த்துடலாம்" என்று போனை எடுத்தார்.

"பாட்டியைக் கேட்டீங்களா தாத்தா?" என்றாள் பேத்தி.

அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். அவர் காலத்தில் டாக்டர் முடிவு செய்வார், வீட்டு ஆம்பிளை கையெழுத்துப் போடுவார். என் அம்மாவுக்கு 1993-ல் 38 வயசில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கையெழுத்து அப்பாவுடையது. எதை எடுத்தார்கள் என்பதே அம்மாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதே மாதிரி ஒரு விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது என்று பேத்தி சொன்னாள். 1995-ல் டில்லியில் 44 வயசுப் பெண் ஒருவர் அதிக உதிரப்போக்கு என்று போனார். குழாய் விட்டுப் பார்க்கத்தான் சம்மதம் கொடுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய தாயாரைக் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வயசு வந்த, நல்ல நினைவோடு வந்த பெண்ணுக்காக, உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில், வேறொருவர் சம்மதம் கொடுக்க முடியாது, பெற்ற தாயே ஆனாலும், என்று 2008-ல் தீர்ப்பு வந்தது.

அப்புறம் அவள் பாட்டியிடம் பொறுமையாகச் சொன்னாள். கீழ்த் தசைகளை இறுக்கி விடுகிற பயிற்சி இருக்கிறது. லேசான இறக்கத்துக்கு அது உதவும், பாட்டிக்கு அது மட்டும் போதாது. உள்ளே ஒரு வளையம் பொருத்தலாம். வலிக்காது, ஆனால் சில மாசத்துக்கு ஒரு முறை போய்க் காட்டிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஆபரேஷனும் செய்யலாம், இந்த வயசில் இருதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இன்னொன்றையும் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள். மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆன பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"உங்களுக்கு எது சரின்னு படுது பாட்டி?"

மாமியார் ஒரு தரம் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் கையில் இருந்த போனைக் கீழே வைத்தார். "வளையமே போட்டுக்கறேன். பிடிக்கலைன்னா அப்புறம் ஆபரேஷன் பார்த்துக்கலாம்" என்றார் மாமியார்.

வளையம் போட்டு ஐந்து மாசம் ஆகிறது. காலையில் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்து போய்வருகிறார். அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதியைத் தினசரி காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வைத்திருப்பது மாமனார். இரண்டு தடவையும் அவர்தான் கூடப் போனார். வெளியே பெஞ்சில் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாராம், டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவே இல்லையாம்.

பேத்தி சென்னைக்குத் திரும்பிவிட்டாள். டியூட்டி இல்லாத ராத்திரிகளில் போனை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். போன வாரம் ஏதோ சந்தேகம் கேட்க மாமனார் ஒன்பது மணிக்குப் போன் போட்டார். மணி அடிக்கவே இல்லை. "பாரு, எடுக்கவே மாட்டேங்கறா" என்று முணுமுணுத்தார்.

"தூங்கட்டும் விடுங்க. காலையில பேசிக்கலாம்" என்றார் மாமியார், பால் தம்ளரை அவர் கையில் கொடுத்தபடி.